விடுதிக்காரர் பதில்கள்: பழைய வாடிக்கையும் புதிய பூங்காவும்

சென்ற இதழில் மலைச் சுற்றுலா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில் டிஸ்னி, யுனிவர்சல் என்ற இரண்டு கேளிக்கைப் பூங்கா நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் போட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். பல ஆண்டுகளாக ஒரே பூங்காவுக்குப் போய்வந்த குடும்பங்கள் இப்போது விடுமுறை நாள்களை இரண்டுக்கும் பங்கு போடுகின்றன என்பதுதான் அந்த இரண்டு வரி. குன்னூரில் 14 அறை வைத்து விடுதி நடத்துகிறவனுக்கு ஆர்லாண்டோவில் என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அதைப் பற்றியே விரிவாக எழுதச் சொல்லித்தான் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுவதும் அதே பேச்சு.

கேள்வி: ஐயா, என் மகன் குடும்பம் சிகாகோவில் இருக்கிறது. 2009 முதல் ஓராண்டு விட்டு ஓராண்டு டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வருவார்கள். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார்கள். போன கோடையில் ஐந்து நாள் பயணத்தில் மூன்று நாளை யுனிவர்சலுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மகனைக் கேட்டால் பேத்தியின் பிடிவாதம் என்கிறான். மருமகளைக் கேட்டால் செலவு என்கிறாள். உண்மைக் காரணம் எது?
(ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான் அம்மா. ஆனால் மருமகள் சொல்வதில்தான் கதை அதிகம் இருக்கிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்டு திறந்தபோது, வால்ட் டிஸ்னியிடம் பூங்காவுக்குப் போதுமான நிலம்தான் இருந்தது. சுற்றியிருந்த நிலத்தில் மற்றவர்கள் மோட்டல்களையும் உணவகங்களையும் கட்டி, அவர் கூட்டிய கூட்டத்தை வைத்துத் தாங்கள் சம்பாதித்தார்கள். ஊட்டி படகு இல்லத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. வால்ட் டிஸ்னிக்கு மட்டும் அது ஆறாத எரிச்சலாக இருந்தது. ஃபுளோரிடாவில் அடுத்த பூங்காவுக்கு இடம் தேடியபோது, வாங்குபவர் யார் என்று வெளியே தெரியாதபடி வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். அவர் 1966-ல் காலமாகிவிட, அண்ணன் ராய் டிஸ்னி முன்னின்று கட்டி முடித்த டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது.

அவ்வளவு நிலம் எதற்கு என்றால், வந்தவர் வெளியே போகாமல் இருப்பதற்கு. தங்குவது, சாப்பிடுவது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது எல்லாமே வேலிக்குள் முடிந்துவிட வேண்டும். 1982-ல் எப்காட், 1989-ல் திரைப்பட ஸ்டுடியோ பூங்கா, 1998-ல் அனிமல் கிங்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்த பூங்காக்கள் ஒவ்வொன்றும் விருந்தினரின் விடுமுறையில் மேலும் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டன. 2005-ல் இன்னொன்று சேர்ந்தது: டிஸ்னியின் விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெட்டியில் அவர்கள் அனுப்பிய மஞ்சள் அட்டையைக் கட்டிவிட்டால், பெட்டி தானாக அறைக்கு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் போனபோது அந்தப் பேருந்தில்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேருந்தை எல்லோரும் உபசாரம் என்றுதான் பார்த்தார்கள். விடுதிக்காரனாகிய எனக்கு அது வேலியாகவும் தெரிகிறது. இலவசப் பேருந்தில் வந்து இறங்கியவரிடம் கார் இருக்காது. கார் இல்லாதவர், குழந்தைகளையும் பைகளையும் இழுத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் யுனிவர்சலுக்குப் போக மாட்டார். 2022 தொடக்கத்தில் அந்த இலவசப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும், அல்லது விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்க வேண்டும். காருக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது என்றால் அது சும்மா நிற்பதை எந்த மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அரை மணி நேரத்தில் யுனிவர்சலுக்குப் போய்விடலாமே என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

இனிப் பேத்தி. யுனிவர்சல் 1990 ஜூன் 7 அன்று ஆர்லாண்டோவில் திறந்தபோது, முக்கியமான சவாரிகள் முதல் நாளே பழுதாகி நின்று, வந்தவர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை ஏற்பட்டது. 1999-ல் இரண்டாவது பூங்காவைத் திறந்தார்கள். அப்போதும்கூட டிஸ்னிக்கு வந்தவர் மீதமிருக்கும் ஒரு நாளில் எட்டிப் பார்க்கும் இடமாகத்தான் அது இருந்தது. 2010 ஜூனில் ஹாரி பாட்டர் கதையின் கிராமத்தைக் கட்டித் திறந்த பிறகு நிலைமை மாறியது. 2014 ஜூலையில் அதே கதையின் கடைத்தெருவும், 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்ற முழுப் பூங்காவும் வந்தன. தண்ணீர்ப் பூங்காவைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 1999-க்குப் பிறகு அந்த நிறுவனம் ஆர்லாண்டோவில் திறந்த முதல் பூங்கா இதுதான். ஒரு நாளில் முடிந்துவந்த யுனிவர்சல் இப்போது மூன்று நாள் கேட்கிறது. உங்கள் வீட்டில் கொடுத்ததும் அதே மூன்று நாள்தான்.

உங்கள் மகன் மிக்கி எலியோடு வளர்ந்தவராக இருக்கலாம். பேத்தி மந்திரக்கோலோடும் நின்டெண்டோ வீடியோ விளையாட்டோடும் வளர்கிறாள். எபிக் யுனிவர்ஸில் இரண்டுக்கும் தனித்தனி உலகம் கட்டியிருக்கிறார்கள். மகனுக்கு டிஸ்னி கசந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பிடித்தம் மகளுக்குச் சொத்துப்போல இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: இருவரில் இப்போது யாருக்குக் கூட்டம் அதிகம்?
(ஒரு வாசகர், பழனி)

பதில்: டிஸ்னிக்குத்தான். தொழில்துறையினர் வெளியிடும் மதிப்பீடுகளின்படி, டிஸ்னி வேர்ல்டில் உள்ள மேஜிக் கிங்டம் என்ற ஒரு பூங்காவுக்கு மட்டும் 2023-ல் 1.7 கோடிப் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். உலகத்திலேயே மிக அதிகமானோர் வரும் தீம் பார்க் அதுதான். டிஸ்னி தானாக இந்த எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ‘டிஸ்னி விழுந்துவிட்டது’ என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். தங்கள் பூங்காக்களுக்கும் கப்பல்களுக்கும் பத்தாண்டுகளில் 6,000 கோடி டாலர் செலவிடப்போவதாக 2023-ல் அறிவித்த நிறுவனம் அது.

கேள்வி: டிஸ்னியில் வரிசையில் நிற்காமல் முன்னே போகப் பணம் வாங்குகிறார்கள் என்று பழைய ரசிகர்கள் கோபப்படுவதாகப் படித்தேன். நம் கோயில்களில் சிறப்பு தரிசனச் சீட்டு இல்லையா? அதற்காக யாரும் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடவில்லையே!
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மேட்டுப்பாளையம்)

பதில்: ஆசிரியர் ஐயாவின் ஒப்புமை நன்றாக இருக்கிறது, அது எங்கே பொருந்தவில்லை என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

டிஸ்னி வேர்ல்டு திறந்த 1971-ல் உள்ளே நுழைய 3.50 டாலர், சவாரிகளுக்குத் தனிச் சீட்டு. சீட்டுகள் ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கப்பட்டு ஒரு சிறு புத்தகமாக வரும். பெரிய சவாரிகளுக்கு ஈ சீட்டு. அதாவது காசுக்கேற்ற சவாரி என்பது அங்கே புதிதல்ல. 1980-களின் தொடக்கத்தில் அந்தச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டு, ஒரே நுழைவுக் கட்டணத்தில் எல்லாச் சவாரியும் என்று மாற்றினார்கள். அதன் பிறகு எல்லோரும் ஒரே வரிசை. 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்ற ஏற்பாடு வந்தது. சவாரியின் வாசலில் உள்ள இயந்திரத்தில் உங்கள் டிக்கெட்டைச் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதில் ஒரு மணி நேர அவகாசம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்தில் வந்தால் தனி வழியில் விரைவாக ஏறிவிடலாம். கட்டணம் கிடையாது, நுழைந்த எல்லோருக்கும் உண்டு. காலையில் எந்த இயந்திரத்துக்கு முதலில் ஓடுவது, மத்தியானம் எதற்கு என்று பழைய வாடிக்கையாளர்கள் ஒரு வித்தையாகவே அதைப் பழகி வைத்திருந்தார்கள். 2020-ல் தொற்றுக் காலத்தில் அது நின்றது. 2021 அக்டோபரில் திரும்பி வந்தபோது பெயர் மாறியிருந்தது, விலையும் ஒட்டியிருந்தது.

ஒரு சவாரியில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும் என்பது இயந்திரத்தின் கணக்கு. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. தனி வழியில் நூறு பேரை முன்னே விட்டால், பொது வரிசையில் அந்த நூறு இடமும் பின்னே தள்ளிப்போகும். இலவசமாக இருந்தபோதும் இப்படித்தான் நடந்தது. அப்போது முந்தியவர் விவரமானவர் என்று பேர் வாங்கினார், இப்போது முந்துகிறவர் வசதியானவர். அதுவரை தன் விவரத்தை எண்ணிப் பெருமைப்பட்டவருக்கு அந்தப் பெருமையை ஒரே நாளில் பறித்துக்கொண்டு, கூடவே விலைச் சீட்டையும் நீட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கோயில் ஒப்புமை இந்த இடத்தில்தான் இடறுகிறது. சிறப்பு தரிசனச் சீட்டு நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. இருபது ஆண்டு சும்மா கொடுத்துவிட்டு, பிறகு ஒரு காலையில் கட்டணம் என்று பலகை மாட்டவில்லை. இன்னொன்று, பழனி முருகனுக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போட்டியாக வேறு முருகன் இல்லை.

யுனிவர்சல் ஒன்றும் தர்மசத்திரம் அல்ல. வரிசையைத் தாண்டும் சீட்டை அவர்கள் பல ஆண்டுகளாக விலைக்குத்தான் விற்கிறார்கள், அதுவும் கொழுத்த விலைக்கு. ஆனால் அவர்களுடைய உயர்தர விடுதிகள் மூன்றில் தங்குகிறவர்களுக்குப் பழைய இரண்டு பூங்காக்களிலும் அந்தச் சீட்டு அறை வாடகையோடு சேர்ந்தே வருகிறது. இலவசமாக இருந்ததை டிஸ்னி விலைக்கு மாற்றிய அதே காலத்தில், விலைக்கு விற்பதை யுனிவர்சல் தன் விருந்தினருக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாமலும் போகலாம். விருந்தினர் மனத்தில் பதிவது கூட்டுத்தொகை அன்று. எந்த இடத்தில் பர்ஸைத் திறக்க வைத்தார்கள் என்பதுதான்.

கேள்வி: ஒரு கதைக்காகவா அவ்வளவு பேர் ஒரு பூங்காவை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள்? அங்கே அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறார்கள்?
(கல்லூரி மாணவர், கூடலூர்)

பதில்: தம்பி, மகளோடு ஒருமுறை போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஹாரி பாட்டர் கதையை நான் படித்ததில்லை. எனக்கே கால் நகரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

அந்தக் கடைத்தெருவுக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. இலண்டன் நகரத் தெருவைப் போன்ற ஒரு சுவர். அதில் ஓர் இடைவெளி. ஆள்கள் உள்ளே போய் மறைவதைப் பார்த்துத்தான் வழி என்று தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே திரும்பியதும் தெருக்கோடியில் வங்கிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு வெள்ளை டிராகன் படுத்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நெருப்புக் கக்குகிறது, முகத்தில் அனல் தெரிகிறது. சிறுபிள்ளைகள் கடையில் மந்திரக்கோல் வாங்கி, குறிப்பிட்ட சன்னல்களுக்கு முன்னால் நின்று குறிப்பிட்ட விதமாக அசைத்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஏதாவது ஒன்று ஆடும் அல்லது ஒளிரும். ஒரு சிறுமி ஏழெட்டுத் தடவை அசைத்தும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஊழியர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார். உள்ளே பொருள் அசைந்தது. அந்த முகத்தை அவளுடைய தாய் படம் எடுத்தாள். அந்தப் பெண் வளர்ந்து தன் பிள்ளையை எங்கே அழைத்துப் போவாள் என்று கேட்டால் எனக்கு விடை தெரியும்.

வியாபாரமும் அதே அளவு நுட்பம். கதையின் கிராமம் ஒரு பூங்காவில் இருக்கிறது. கடைத்தெரு இன்னொரு பூங்காவில். இரண்டையும் இணைக்க ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள். நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், சன்னலில் உண்மையான வெளிப்புறத்துக்குப் பதிலாக மலையும் காடும் காட்சியாக ஓடுகின்றன. இந்த ரயிலில் ஏற இரண்டு பூங்காக்களுக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும். ஒரு கதையைப் பாதியாக வகுத்து, இரண்டு நுழைவுச் சீட்டு விற்று, நடுவில் ரயிலை வைத்து அதையும் மகிழ்ச்சியாக்கிய அந்த மூளையை நான் மெச்சுகிறேன்.

நம்மிடம் இருப்பது பொய்க் காட்சி ஓடாத சன்னல். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-ல் உதகை வரையும் வந்த ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் தண்டவாளம். 2005 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். அதற்கு டிக்கெட் கிடைக்காமல் கீழிருந்து காரில் ஏறி வந்து, குன்னூர் நிலையத்தில் நின்று என்ஜினோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத் தினம் பார்க்கிறேன். அவர்கள் ஒருவரும் கோபமாகப் போவதில்லை, ‘அடுத்த தடவை முன்பே புக் பண்ணணும்’ என்று சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.

கேள்வி: ஊட்டியில் டிஸ்னி போல ஒரு பெரிய தீம் பார்க் வருமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: வராது; வரவும் வேண்டாம். டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் சமதளம். இங்கே ஒரு பேருந்தைத் திருப்பவே சமதளம் தேட வேண்டியிருக்கிறது. கட்டடம் கட்ட மலைப்பகுதிக்கென்று தனி விதிகள் உண்டு. சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மூடப்பட்டதையும், 2020-ல் வழித்தட அறிவிப்பை அதே நீதிமன்றம் உறுதி செய்ததையும் ஈரோட்டில் இருப்பவர் மறந்தாலும் நாங்கள் மறக்க முடியாது.

கேள்வி: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரவைக்க ‘டைம்ஷேர்’ உறுப்பினர் திட்டம் போல ஒப்பந்தம் போட்டுவிட்டால் போதாதா? கொடைக்கானலில் அப்படித்தானே பல விடுதிகள் நிறைகின்றன?
(வங்கி அலுவலர், கொடைக்கானல்)

பதில்: டிஸ்னியும் அதைச் செய்கிறது. 1991-ல் தொடங்கிய அவர்களுடைய விடுமுறைக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தால், பல பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் இத்தனை புள்ளிகள் என்று விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்கள். புள்ளிகளைக் கொடுத்து அறை எடுக்கலாம். பராமரிப்புக் கட்டணம் தனி. தொடக்க ஒப்பந்தங்கள் 2042 வரை ஓடுபவை. முப்பது வயதில் கையெழுத்திட்டவர் எண்பது வயதில்தான் விடுபடுவார்.

ஆனால் இதில் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் கட்டிப்போடுவது இரவு உறக்கத்தைத்தான். பகல் பொழுதை அன்று. அறைக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று என்பதாலேயே கையில் மிச்சமிருக்கும் காசை எடுத்துக்கொண்டு பகலில் பக்கத்துப் பூங்காவுக்குப் போகிற சுதந்திரம் அவருக்கு வந்துவிடுகிறது. கொடைக்கானலிலும் உறுப்பினர் விடுதியில் தங்குகிறவர் ஏழு நாளும் ஏரியையே சுற்றி வருவதில்லை. இரண்டாவது நாளே மன்னவனூர், பூம்பாறை என்று கிளம்பிவிடுகிறார். உங்கள் வங்கியில் வைப்புத்தொகை வைத்தவர் கடன் மட்டும் வேறு வங்கியில் வாங்குவதைப் பார்த்ததில்லையா?

கேள்வி: நான் இருபது ஆண்டாகக் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். இ-பாஸ் வந்த பிறகு பழைய பார்ட்டிகள் சிலர் போனே செய்வதில்லை. சென்னையிலும் பெரிய தண்ணீர்ப் பூங்கா திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அங்கே போதும் என்று நின்றுவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?
(ஒரு ஓட்டுநர், கொடைக்கானல்)

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, கவலைப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்.

பூங்காவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2000-ல் கொச்சியில் வீகாலேண்டு என்று தொடங்கி, 2005-ல் பெங்களூர், 2016-ல் ஐதராபாத், 2024-ல் புவனேசுவரம் என்று வளர்ந்த வொண்டர்லா, 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் வந்திருக்கிறது. அது காலையில் போய் மாலையில் திரும்பும் இடம். அதனுடைய போட்டி சென்னையின் பழைய பூங்காக்களோடும் பெரிய மால்களோடும்தான், உங்களோடு அன்று. எங்கள் பக்கம் மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் பிளாக் தண்டர் என்ற தண்ணீர்ப் பூங்கா எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. அதனால் ஊட்டிக்கு ஆள் குறைந்ததாக நான் கண்டதில்லை. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் மட்டும் அங்கே ஒரு பகலைக் கழித்துவிட்டு, மலையில் இரண்டு இரவு தங்க வேண்டியவர்கள் ஓர் இரவோடு இறங்கிவிடுகிறார்கள். ஆர்லாண்டோவில் நடப்பதும் இதேதான். யாரும் யாரையும் முழுதாக விட்டுவிடுவதில்லை, நாள் ஒன்று குறைகிறது.

கவலை இ-பாஸில், அதாவது மலையேறும் வண்டிக்கு முன்கூட்டி எடுக்க வேண்டிய இணைய அனுமதியில். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000, நீலகிரிக்கு 6,000, 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த உத்தரவு அது. நான் அதற்கு எதிரானவன் அல்லன். மே மாதத்தில் மூஞ்சிக்கல்லில் வண்டியோடு நின்று பார்த்த எவரும் எதிர்க்க முடியாது. ஆனால் பாஸுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அது கேட்கிற விலை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘கிளம்பலாமா’ என்று சொல்லிக் கிளம்பியவர் இப்போது உட்கார்ந்து, தேதி போட்டு, வண்டி எண் போட்டு, எத்தனை பேர் என்று எழுதுகிறார். அப்படி உட்கார்ந்து யோசிக்கும்போதுதான், வேறு எங்காவது போனால் என்ன என்ற எண்ணமும் வருகிறது.

தமிழில் நாம் வாடிக்கையாளர் என்ற சொல்லை நன்றாகத்தான் வைத்திருக்கிறோம். வாடிக்கை என்றால் பழக்கம். அன்பு என்றோ விசுவாசம் என்றோ அதற்குப் பொருள் இல்லை. யோசிக்காமல் செய்கிற வரையில்தான் அது வாடிக்கை. ஆகவே உங்கள் பழைய பார்ட்டிகளுக்காக யோசிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் நீங்களே போன் செய்து, தேதி கேட்டு, பாஸ் எடுப்பது எப்படி என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். சொந்த வண்டியை வத்தலக்குண்டில் விட்டுவிட்டு மேலே உங்கள் டாக்ஸியில் வருகிறவருக்கு என்ன வாடகை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குறிஞ்சி பூக்கும் 2030 வரை அவர்கள் நினைவுக்கு நீங்கள் வர மாட்டீர்கள்.

கேள்வி: உதகையில் ஆறு அறைகள் உள்ள ஹோம்ஸ்டே நடத்துகிறேன். பார்க்கிங், கேம்ப் ஃபயர், கூடுதல் கம்பளி, வெந்நீர் என்று தனித்தனியாக வாங்கினால் வருமானம் கூடுகிறது. அறை வாடகையும் இணையதளத்தில் குறைவாகத் தெரிகிறது. பெரிய ரிசார்ட்டுகளே அப்படித்தானே செய்கின்றன? இதில் தவறு உண்டா?
(ஒரு வாசகி, உதகமண்டலம்)

பதில்: பெரிய ரிசார்ட்டுகள் செய்கின்றன; செய்துவிட்டுத் திரும்பப் பெறவும் செய்கின்றன. டிஸ்னி தன் விடுதிகளில் இரவு கார் நிறுத்துவதற்கு 2018-ல் கட்டணம் போட்டது. விருந்தினர்கள் ஐந்து ஆண்டு முணுமுணுத்த பிறகு 2023 ஜனவரியில் எடுத்துவிட்டது. அவர்களால் ஐந்து ஆண்டு பொறுக்க முடியும். ஆறு அறைக்காரருக்கும் பதினான்கு அறைக்காரருக்கும் அந்தக் கால அவகாசம் கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் விடுதியின் பின்கட்டில் அப்போது விறகு பாய்லர்தான். காலை ஐந்து மணிக்கு அதைப் பற்றவைத்தால் ஆறரைக்கு வெந்நீர் தயாராகிவிடும். பையன் வாளிவாளியாகக் கொண்டுபோய் அறை வாசலில் வைப்பான். ஒரு சீசனில் விறகு விலை ஏறிவிட்டது. நான் கணக்குப் போட்டுப் பார்த்து, அறைக்கு ஒரு வாளி இலவசம், அதற்கு மேல் வாளிக்கு 15 ரூபாய் என்று அட்டையில் எழுதி வரவேற்பறையில் தொங்கவிட்டேன். எல்லோரும் கொடுத்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலர்க் கண்காட்சிக்கு வருடம் தவறாமல் விருதுநகரிலிருந்து வரும் ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி. பதினேழு வருட வாடிக்கை. வரும்போது எங்களுக்குப் பொரித்த பரோட்டா கட்டிக்கொண்டு வருவார்கள். கிளம்புகிற அன்று பில்லை நீட்டினேன். அந்த அம்மாள் அதை வாங்கி, ‘வெந்நீர் 9 வாளி, 135’ என்ற வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மேலே போய் அறை வாடகையைப் பார்த்தார்கள். அதற்கு மேல் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தார்கள். பதினேழு வருடத்தில் அவர்கள் பில்லைப் படித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். சுற்றுலா வருகிறவருக்கும் அப்படித்தான். அந்த 135 ரூபாய் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஆனால் அந்த வரிதான் மற்ற வரிகளையும் படிக்க வைத்தது. படித்தவர்கள் அடுத்த வருடம் விசாரித்திருப்பார்கள். விசாரித்தால் என்னைவிட மலிவான அறை குன்னூரில் இல்லாமலா போகும்? அந்த மே மாதம் அவர்கள் வரவில்லை. கொடைக்கானல் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அட்டையைக் கழற்றினேன்; அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஆகவே அம்மா, கேம்ப் ஃபயருக்குத் தாராளமாகத் தனியாக வாங்குங்கள். அது வேண்டுமென்று கேட்கிறவர் கேட்டு வாங்குவது. கம்பளிக்கும் வெந்நீருக்கும் வாங்காதீர்கள். அவை இல்லாமல் உதகையில் ஓர் இரவைக் கழிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வாடகையில் 150 ரூபாய் ஏற்றிவிட்டு, இணையதளத்தில் அறைப் படத்துக்குக் கீழே ‘வெந்நீரும் கம்பளியும் வாடகையில் அடக்கம்’ என்று முதல் வரியாகப் போடுங்கள். பார்க்கிங் உங்கள் சொந்த முற்றமாக இருந்தால் சும்மா விடுங்கள். பக்கத்து வீட்டு இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தால், பணத்தை அந்த வீட்டுக்காரரிடமே நேராகக் கொடுக்கும்படி செய்யுங்கள். இதையெல்லாம் ஏப்ரலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சீசன் நடுவில் அட்டை மாற்றுகிறவர்களை இரண்டு தரப்பும் திட்டும்.